சுபுஹுக்குப் பின் என்ன ஓதுவது? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

சுபுஹு (விடியற்காலைத் தொழுகை) ஜமாஅத்துக்குப் புதிதாக வரத் தொடங்கியவர்கள் தொழுகைக்குள் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. இமாம் குனிந்தால் குனியலாம், எழுந்தால் எழலாம். சங்கடம் சலாம் கொடுத்த பிறகுதான். பக்கத்தில் இருப்பவரின் உதடு அசைகிறது, விரல் கணு கணுவாக ஓடுகிறது. நாம் மட்டும் விரிப்பில் இருக்கும் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எழுந்து போனால் நன்றாக இருக்காது, உட்கார்ந்தால் என்ன சொல்வதென்று தெரியாது. அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குத்தான் இந்தக் கட்டுரை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பள்ளிவாசல்களில் நடக்கும் முறையை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலை துஆக்கள் என்று தேடினால் முப்பது நாற்பது கொண்ட பட்டியல் கிடைக்கும். அதை அச்செடுத்து முதல் நாளே முழுதாக ஓத உட்காராதீர்கள். அப்படித் தொடங்குகிறவர்கள் இரண்டாவது வாரத்தில் காணாமல் போய்விடுகிறார்கள். ஒரே ஒரு துஆவை எடுங்கள், பொருளோடு மனப்பாடம் செய்யுங்கள், அது நாக்கில் பழகிய பிறகு அடுத்தது. அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமான செயல் குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதுதான் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது.

எந்த துஆவில் தொடங்குவது?

என் சிபாரிசு இது:

"அல்லாஹும்ம இன்னீ அஸ்அலுக இல்மன் நாஃபிஅன், வரிஸ்கன் தய்யிபன், வஅமலன் முதகப்பலா."

இதன் பொருள்: "யா அல்லாஹ், பயன் தரும் கல்வியையும், தூய்மையான வாழ்வாதாரத்தையும், ஏற்றுக்கொள்ளப்படும் நற்செயலையும் உன்னிடம் கேட்கிறேன்."

நபி (ஸல்) அவர்கள் சுபுஹு தொழுது சலாம் கொடுத்ததும் இதை ஓதுவார்கள் என்று அவர்களுடைய துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். இப்னுமாஜா தொகுப்பில் இருக்கிறது. மற்ற பல திக்ருகள் (இறைவனை நினைத்துச் சொல்லும் வாசகங்கள்) எல்லாத் தொழுகைக்கும் பொதுவானவை, அல்லது காலை மாலை என்று இரண்டு வேளைக்கும் உரியவை. இந்த அறிவிப்பில் சுபுஹு என்று நேரமே குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஒரு நாளுக்கு என்ன தேவையோ அதெல்லாம் மூன்றே கேள்வியில், அதாவது மூன்றே வேண்டுதலில், அடங்கிவிடுகிறது. வாய் பழகிவிட்டால் பத்து விநாடிகூட ஆகாது.

பொருளைத் தெரிந்துகொண்டு ஓதுங்கள் என்று வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. நடுவில் இருக்கும் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். நிறைய வாழ்வாதாரம் என்று அதில் கேட்கப்படவில்லை, தூய்மையானது என்றுதான் கேட்கப்படுகிறது. ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போகிற ஒருவர் இதை ஓதிவிட்டு, அடியில் நசுங்கிய பழத்தைப் போட்டு மேலே நல்லதை அடுக்கிய பெட்டியை ஏலத்துக்கு வைத்தால், காலையில் கேட்டதைத் தானே தட்டிவிடுகிறார் என்றுதான் அர்த்தம். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருந்ததைக் கண்டு, ஏமாற்றுகிறவன் நம்மைச் சேர்ந்தவன் இல்லை என்று சொன்ன செய்தி முஸ்லிமில் வருகிறது. மண்டியில் நிற்கிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. அதேபோல் ப்ளஸ் டூ படிக்கிற பையனுக்கும், ஓசூர் தொழிற்சாலையில் புது மெஷின் பழகுகிறவருக்கும் முதல் கேள்வி நேரடியாகப் பொருந்தும்.

உச்சரிப்பு

தமிழ் எழுத்தில் அரபியை எழுதினால் சில ஒலிகள் நழுவத்தான் செய்யும். எனவே எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். இந்த துஆவில் கவனிக்க வேண்டியவை நான்கு. "இல்மன்", "நாஃபிஅன்", "அமலன்" மூன்றிலும் வரும் இ, அ தொண்டையின் நடுவிலிருந்து வர வேண்டும். "ரிஸ்கன்" என்பதில் ஸ் என்று எழுதியிருப்பது தேனீ ரீங்காரம் போல அதிர்வோடு வரும் ஒலி. "தய்யிபன்" என்பதன் த கனமானது, நாக்கு மேலே அழுந்தும். "முதகப்பலா" என்பதில் உள்ள க-வை "அகம்" என்பதில் வருவதுபோல மென்மையாக்கிவிடக் கூடாது, அடித்தொண்டையில் அழுத்திச் சொல்ல வேண்டும். தொடர்ந்து ஓதும்போது "முதகப்பலன்", அங்கேயே நிறுத்தினால் "முதகப்பலா". புத்தகத்துக்குப் புத்தகம் இது மாறி இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இதையெல்லாம் காகிதத்தில் படித்துச் சரிசெய்ய முடியாது. எளிய வழி, தொழுகை முடிந்து கூட்டம் கலைந்ததும் இமாமிடம் போய், "ஹஜ்ரத், இந்த துஆவை ஒரு தடவை நிறுத்தி ஓதிக் காட்டுங்களேன், ரெகார்ட் பண்ணிக்கிறேன்" என்று கேட்பது. யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வயதாகிவிட்டதே, சின்னப் பிள்ளைகள் ஓதுவதை நாம் போய்க் கேட்பதா என்று கூச்சப்படுகிறவர்கள் நிறைய. மதரஸாவுக்குச் சின்ன வயதில் போக முடியாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், ஹஜ்ரத்துமார்களுக்கும் அது தெரியும். அரபி பிடிபடும்வரை பொருளைத் தமிழிலேயே கேளுங்கள். தொழுகை முடிந்த பிறகு தாய்மொழியில் துஆ கேட்பதற்குத் தடை இல்லை.

நேரம்

இந்தப் பகுதியில் ஜூன் தொடக்கத்தில் சூரியன் 5:50 வாக்கில் எழும்; ஜனவரிக் கடைசியில் 6:45 வாக்கில். சுபுஹு நேரம் அதற்குச் சுமார் ஒன்றேகால் மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். ஆனால் இங்கே பெரும்பாலான பள்ளிவாசல்கள் ஹனஃபி மத்ஹபை (மார்க்கச் சட்ட வழியை) சேர்ந்தவை. கொஞ்சம் வெளிச்சம் வந்த பிறகு ஜமாஅத் வைப்பது அவர்கள் வழக்கம். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வருகிற ஷாஃபிஈ மத்ஹபுக்காரர்கள், பாங்கு சொல்லி இவ்வளவு நேரமாகியும் ஏன் தொழவில்லை என்று யோசிப்பதுண்டு. பள்ளிவாசல் சுவரில் இருக்கும் நேரப் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது அடிக்கடி மாறும். டிசம்பர், ஜனவரியில் ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் குளிர் கடுமையாக இருக்கும். ஒளூவை வீட்டிலேயே வெந்நீரில் செய்துவிட்டுக் கிளம்பினால், ஹவுள் (பள்ளிவாசல் தொட்டி) தண்ணீருக்குப் பயந்து படுக்கையில் புரளும் வேலை மிச்சம்.

சலாம் கொடுத்ததும்

முதலில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் இரண்டாவது ரக்அத்தில் வந்து சேர்ந்தவராக இருந்தால், இமாம் இரண்டு பக்கமும் சலாம் சொல்லி முடித்ததும் எழுந்து விட்டுப்போன ரக்அத்தைத் தொழ வேண்டும். மற்றவர்கள் தஸ்பீஹ் செய்கிறார்களே என்று கூடவே உட்கார்ந்துவிடாதீர்கள். உங்கள் தொழுகை இன்னும் முடியவில்லை.

முழுதாகக் கிடைத்தவர்கள் செய்வது இந்த வரிசையில்:

மூன்று முறை "அஸ்தக்ஃபிருல்லாஹ்". பிறகு ஒரு முறை "அல்லாஹும்ம அன்தஸ் ஸலாம், வமின்கஸ் ஸலாம், தபாரக்த யா தல்ஜலாலி வல்இக்ராம்". ஸவ்பான் (ரலி) அறிவிப்பதாக முஸ்லிமில் இருப்பது இந்த அளவுதான். நம் பள்ளிவாசல்களில் நடுவில் "வஇலைக யர்ஜிஉஸ் ஸலாம்" என்று தொடங்கி இன்னும் சில சொற்களைச் சேர்த்து நீளமாக ஓதுவதைக் கேட்பீர்கள். பொருளில் தவறு எதுவும் இல்லை. மனப்பாடம் செய்யத் தொடங்குகிறவருக்குச் சின்னதே போதும்.

அடுத்து ஆயத்துல் குர்ஸி. பகரா அத்தியாயத்தின் 255-ஆவது வசனம். இது தெரியாவிட்டால் இப்போதைக்கு விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரு நாளைக்கு ஒரு வரி என்று சேர்த்துக்கொண்டே வந்தால் இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும்.

அப்புறம் தஸ்பீஹ். "ஸுப்ஹானல்லாஹ்" 33, "அல்ஹம்து லில்லாஹ்" 33, "அல்லாஹு அக்பர்" 33. நூறாவதாக "லாஇலாஹ இல்லல்லாஹு வஹ்தஹு லாஷரீக லஹு, லஹுல் முல்கு வலஹுல் ஹம்து, வஹுவ அலா குல்லி ஷைஇன் கதீர்". அபூஹுரைரா (ரலி) அறிவிப்பில் இப்படி. கஅப் இப்னு உஜ்ரா (ரலி) அறிவிப்பில் அல்லாஹு அக்பர் 34 என்று வருகிறது. இரண்டுமே முஸ்லிமில் இருப்பவை, எதை வேண்டுமானாலும் செய்யலாம். பெரியவர்கள் இதைத் தஸ்பீஹ் ஃபாத்திமா என்பார்கள். வீட்டு வேலைக்கு ஆள் கேட்டுப்போன மகள் ஃபாத்திமாவுக்கு (ரலி) அதைவிடச் சிறந்தது என்று நபி (ஸல்) அவர்கள் இரவில் படுக்கும்போது ஓதக் கற்றுக்கொடுத்தது இதுதான். அந்தப் பெயர் தொழுகைக்குப் பின் ஓதுவதற்கும் ஒட்டிக்கொண்டது.

எண்ணுவதற்கு விரலே போதும். ஒரு விரலுக்கு மூன்று என்று வைத்தால் கைக்குப் பதினைந்து. இரண்டு சுற்றில் முப்பது, மேலே மூன்று. விரல்கள் மறுமையில் பேசவைக்கப்படும், அவற்றால் எண்ணுங்கள் என்று பெண்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகத் திர்மிதி, அபூதாவூத் தொகுப்புகளில் வருகிறது. மணியும், விரலில் மாட்டுகிற கவுன்ட்டரும் வைத்திருப்பவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கவுன்ட்டரை அழுத்துகிற வேகத்தில் "ஸுப்ஹானல்லாஹ்" வெறும் "ஸுப்னலா" ஆகிவிடுவதைப் பல இடங்களில் கேட்கிறேன். வேகம் வேண்டாம். 33 சொல்ல ஒரு நிமிடம் ஆனால் ஆகட்டும்.

இதற்குப் பிறகு நம் துஆ, "அல்லாஹும்ம இன்னீ அஸ்அலுக இல்மன் நாஃபிஅன்...". சலாம் கொடுத்ததும் என்றுதானே ஹதீஸில் இருக்கிறது, அப்படியானால் தஸ்பீஹுக்கு முன்னால் ஓத வேண்டாமா என்று கேட்டால், இரண்டும் சலாமுக்குப் பின்தான். முன்பின்னாக ஓதினால் குற்றமில்லை. தஸ்பீஹ் முடிந்து கை ஏந்தும் நேரத்தில் வைத்துக்கொண்டால் மறக்காது.

கூட்டு துஆவும் உருதுவும்

சுபுஹுக்கும் அஸருக்கும் பின்னால் சுன்னத் தொழுகை கிடையாது. அதனால் அந்த இரண்டு வேளையில் மட்டும் இமாம் மக்களை நோக்கித் திரும்பி உட்கார்ந்து, தஸ்பீஹ் முடியும்வரை காத்திருந்து, பிறகு கை ஏந்தி துஆ கேட்பார். லுஹரில் சலாமுக்குப் பின் உடனே சின்னதாகக் கேட்டு முடித்துவிடுவதையும் சுபுஹில் நீட்டுவதையும் பார்த்து முறை ஏதோ மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இமாம் கேட்கும் துஆவில் அரபி பாதி, உருது பாதி, சில இடங்களில் தமிழும் கலந்து வரும். பாராமகால் என்று பழைய ஆவணங்கள் சொல்லும் இந்தச் சீமை 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை ஹைதர் அலி, திப்பு சுல்தானின் மைசூரோடு இருந்தது. உருது பேசும் குடும்பங்கள் இன்றும் இங்கே நிறைய. உருது தெரியாதவர் என்ன செய்வது? இமாம் நிறுத்தும் இடத்தில் ஆமீன் சொல்லுங்கள். நடுவில் கிடைக்கும் இடைவெளியில் உங்கள் மூன்று கேள்வியை மனதுக்குள் கேளுங்கள். அவ்வளவுதான்.

இப்படிக் கூட்டாகக் கை ஏந்தாத பள்ளிவாசல்களும் மாவட்டத்தில் உண்டு. நபிவழியில் கூட்டு துஆ இல்லை, தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் நிலை. நீங்கள் போகிற இடத்து முறைப்படி இருந்துவிட்டு வாருங்கள். புதிதாகத் தொழ வருகிற ஒருவர் முதல் வாரத்திலேயே இந்த விவாதத்தில் இறங்க வேண்டிய அவசியம் இல்லை. ஷாஃபிஈக்காரர்கள் இரண்டாவது ரக்அத்தில் ஓதும் சுபுஹு குனூத் என்ற துஆவும் அப்படித்தான். இங்கே ஹனஃபி இமாம் அதை ஓத மாட்டார்.

கிளம்பியாக வேண்டியவர்கள்

காலை ஷிஃப்டுக்கு கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும், மாங்காய் சீசனில் மண்டிக்கு முன்னாலேயே போய்ச் சேர வேண்டும், பெங்களூருக்கு முதல் பஸ் என்று ஓடுகிறவர்கள்தான் இந்தப் பக்கத்தில் அதிகம். அவர்களுக்கு: அஸ்தக்ஃபிருல்லாஹ் மூன்று முறை, அன்தஸ் ஸலாம், நம் துஆ. இதை மட்டும் உட்கார்ந்த இடத்தில் முடித்துவிட்டு எழுந்துவிடுங்கள். தஸ்பீஹைப் பஸ்ஸில் முடிக்கலாம். திக்ருக்கு ஒளூ கட்டாயம் இல்லை, உட்கார்ந்துதான் ஓத வேண்டும் என்பதும் இல்லை. வண்டி ஓட்டுகிறவர் விரலை எண்ண வேண்டாம், குத்துமதிப்பாக ஓதிக்கொண்டு போங்கள், ஹேண்டில்பாரை விடாதீர்கள்.

அதிகாலையில் வேலைக்குக் கிளம்புவதற்கே ஒரு துஆ இருக்கிறது என்பது இவர்களில் பலருக்குத் தெரியாது. "யா அல்லாஹ், என் சமுதாயத்துக்கு அதன் அதிகாலைப் பொழுதில் பரக்கத் செய்வாயாக" என்று நபி (ஸல்) அவர்கள் வேண்டியிருக்கிறார்கள். அதை அறிவிக்கும் சக்ர் அல்ஃகாமிதி (ரலி) ஒரு வியாபாரி. தன் சரக்கைப் பகலின் தொடக்கத்திலேயே அனுப்பிவைப்பார், செல்வம் பெருகியது என்று அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. விடியும் முன்பே தக்காளி லோடு ஏற்றுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஹதீஸ்.

நேரம் குறைவாக இருக்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். நபியவர்களின் துணைவியார் ஜுவைரியா (ரலி) சுபுஹு தொழுத இடத்திலேயே உட்கார்ந்து திக்ர் செய்துகொண்டிருந்தார்கள். வெளியே போன நபி (ஸல்) அவர்கள் வெயில் ஏறிய பிறகு திரும்பிவந்தபோதும் அதே இடத்தில் இருந்தார்கள். உன்னை விட்டுப் போனபின் நான்கு வாசகங்களை மூன்று முறை சொன்னேன், நீ இதுவரை சொன்னவற்றோடு நிறுத்துப் பார்த்தால் அவை எடை கூடும் என்றார்கள் நபியவர்கள். அந்த வாசகம்: "ஸுப்ஹானல்லாஹி வபிஹம்திஹி, அதத கல்கிஹி, வரிளா நஃப்ஸிஹி, வஸினத அர்ஷிஹி, வமிதாத கலிமாதிஹி." அவனுடைய படைப்புகளின் எண்ணிக்கை அளவுக்கும், அவன் திருப்தி கொள்ளும் அளவுக்கும், அவனுடைய அர்ஷின் எடை அளவுக்கும், அவனுடைய வார்த்தைகளை எழுதும் மையின் அளவுக்கும் அல்லாஹ்வைப் புகழ்ந்து துதிக்கிறேன் என்று பொருள். முஸ்லிமில் இருக்கிறது. இரண்டாவதாக மனப்பாடம் செய்ய இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருப்பவர்கள்

நபி (ஸல்) அவர்கள் சுபுஹு தொழுத இடத்தில் சூரியன் நன்றாக எழும்வரை உட்கார்ந்திருப்பார்கள் என்று ஜாபிர் இப்னு ஸமுரா (ரலி) சொல்கிறார்கள். அப்படி இருப்பவர்கள் இக்லாஸ், ஃபலக், நாஸ் மூன்று அத்தியாயங்களையும் மும்மூன்று முறை ஓதலாம். "பிஸ்மில்லாஹில்லதீ லாயளுர்ரு மஅஸ்மிஹி ஷைஉன் ஃபில்அர்ளி வலா ஃபிஸ்ஸமாஇ வஹுவஸ் ஸமீஉல் அலீம்" மூன்று முறை. புகாரியில் உள்ள ஸய்யிதுல் இஸ்திக்ஃபார் என்ற பாவமன்னிப்பு துஆ ஒரு முறை. "அல்லாஹும்ம அஜிர்னீ மினன்னார்" ஏழு முறை ஓதும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. அது அபூதாவூதில் உள்ளது, அந்த அறிவிப்பின் தரம் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சூரியன் எழுந்து பதினைந்து இருபது நிமிடம் கழித்து இஷ்ராக் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுக் கிளம்பலாம். சுபுஹுக்கும் அதற்கும் இடையில் நஃபில் (கூடுதலாக விரும்பித் தொழுவது) தொழக் கூடாது.

வாட்ஸ்அப்பில் வரும் துஆக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை சுபுஹுக்குப் பின் இத்தனை ஆயிரம் முறை ஓதினால் கடன் தீரும், ஏழு பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதி என்றெல்லாம் வரும். எந்த நூல், யார் அறிவிப்பது என்று இல்லாத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் ஹஜ்ரத்திடம் ஃபோனைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் தொழுகிற பெண்களுக்கு

வரிசை இதேதான். அடுப்பைப் பற்றவைக்க அவசரம் என்றால் நம் துஆவை மட்டும் முஸல்லாவிலேயே ஓதிவிட்டு எழுங்கள். மற்றதைச் சமையலறையில் ஓதலாம், ஜுவைரியா அம்மையாரின் நான்கு வாசகம் பால் பொங்குவதற்குள் மூன்று முறை முடிந்துவிடும். தொழுகை இல்லாத நாட்களிலும் துஆவுக்கும் திக்ருக்கும் தடை இல்லை. அந்த நாட்களில் நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்க முடியாமல் தவிப்பவர்கள் அதே நேரத்தில் எழுந்து உட்கார்ந்து இவற்றை மட்டும் ஓதிவந்தால் பழக்கம் விட்டுப்போகாது.

தூங்கிவிட்டால்

தூங்கிவிட்டவர் எழுந்ததும் தொழ வேண்டும், அதுவே அதற்குப் பரிகாரம் என்பது ஹதீஸ். கண் விழிக்கும்போது சூரியன் எழுந்துகொண்டிருந்தால் ஒரு பதினைந்து இருபது நிமிடம் பொறுத்துத் தொழுங்கள். நண்பகலுக்கு முன் களாச் செய்கிறவர் (தவறியதைப் பிறகு தொழுகிறவர்) சுன்னத் இரண்டையும் சேர்த்தே தொழுவது ஹனஃபி வழக்கம். ஜமாஅத்தும் இல்லை, இமாமும் இல்லை என்பதற்காக ஓதுவதை விட வேண்டியதில்லை. சலாம் கொடுத்ததும் அஸ்தக்ஃபிருல்லாஹ்விலிருந்து வரிசை தொடங்கும்.